தட்டு இலக்கம் ஒன்பது

கித்துள் றோட்டால் உள்ளே திரும்பினால்
கிரவல் தோண்டிய குழி.
பதினொரு வருசம் டிப்பர்கள் இறங்கி ஏறின.
அந்தக் காட்டின் சதை இப்போது
ஏறாவூர் தாண்டி எத்தனையோ தாருக்கு அடியில்.

மேலே ஐந்து சென்ரிமீற்றர்.
அதற்குள்தான் காடு தன் சேமிப்பைப் போட்டு வைக்கும்.
கரண்டியால் சுரண்டிப் பையில் கட்டி
கரடியனாற்றுக் கொட்டிலில்
தட்டுத் தட்டாய்ப் பரப்பித் தண்ணீர் தெளித்தேன்.
குழித்தரை மண்: நாற்பது நாள், ஒன்றுமில்லை.
நாங்கள் நட்ட ஆறு வயதுத் தோப்பின் மண்:
கினிப்புல், கினிப்புல், ஒரு நாயுருவி.
ஆளுயரம் வளர்ந்தும் அந்த மரங்கள்
கணக்கில் ஒரு சதம் போடவில்லை.

ஆடியில் கச்சான் எழும்பியது.
யாரோ பசும்புல்லுக்காக
ஒரு குச்சி கிழித்திருக்க வேண்டும்.
வரிசையாக நட்டிருந்தோம்.
வரிசையாகவே வந்தது.

மஹ்றூப் போன் எடுத்தார்.
"எல்லாம் போயிட்டு தங்கச்சி. வராதீங்க."
போனேன். செருப்பு இளகி ஒட்டியது.
அவர் தெற்கு விளிம்பைக் காட்டினார்.
முதல் நாள் பெக்கோவால் தள்ளிய மேல்மண்,
புட்டி போல, சாம்பல் போர்த்திக் கிடந்தது.
"கொட்ட இடமில்ல, அதான் ஒதுக்கினன்.
வேறொண்டும் நினைக்கல்ல."

ஒரு பை அள்ளினேன். தட்டு ஒன்பது.
பதினொரு வருச விதை செத்திருக்கும் என்றார்கள்.
பெரும்பாலும் சரி.
ஆனால் எட்டாம் நாள் ஒரு கொன்றை
சூட்டில் வெடித்த ஓட்டைத் தலையில் சுமந்தபடி.
பிறகு ஆவாரை. பிறகு இரண்டு ஆத்தி.
நெருப்புத்தான் பூட்டைத் திறந்தது என்று எழுதப் போய்
வெட்டினேன்;
எரிந்த வீரைக் கன்றுகளுக்கு அதை யார் சொல்வது?

மாரிக்கு முன் மஹ்றூப்
தான் தள்ளியதைத் தானே இழுத்துப் பரப்பினார்,
ரொட்டி தட்டுவது போல மெல்லிசாய்.
"அஞ்சுக்கு மேல போனா மூச்சு முட்டும், என்ன?"
டீசலுக்கு மட்டும் காசு வாங்கினார்.

குச்சி கிழித்தவர் என்று நாங்கள் முணுமுணுத்த
நல்லரெத்தினத்திடமே போய்க் கேட்டோம்:
ஆனி முடியுமுன் எல்லைப் பட்டிப் புல்லை
உங்கள் மாடுகள் தின்று முடிக்குமா?
மாடுகளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.
"மூணு நாள். கன்றுப் பக்கம் விடமாட்டன்."
குச்சியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்று தை பதினாறு. சதுரமீற்றருக்கு
கொன்றை நாலு, ஆத்தி ஒன்று,
கினிப்புல் இன்னும் இருபத்தேழு.
பெயர் தெரியாதது இரண்டு,
இலை எதிரெதிர், அடியில் மெல்லிய மயிர்.
பக்கத்தில் எழுதி வைத்தேன்:
பிடுங்க வேண்டாம்.