பதினோரு நாள்

செம்மண்டலம் ஒர்க்‌ஷாப்பில் காத்திருக்கும் அறை
நன்றாகக் குளிர்ந்தது. என் வண்டியில்தான் இல்லை.
சர்வீஸ் அட்வைசர் தம்பி
காகிதத்தை என் பக்கம் திருப்பினான்:
கம்ப்ரஸர் முப்பத்தோராயிரத்து அறுநூறு,
கண்டென்ஸர் பதினோராயிரம்,
கேஸ், ஆயில், கூலி,
கூலிக்கு மேல் வரி,
கடைசியில் கன்ஸ்யூமபிள்ஸ் என்று இருநூற்று நாற்பது.
அது என்ன என்றேன்.
"துணி மேடம். துடைக்கிற துணி."

வாரண்டி ஒன்பதாம் தேதி முடிந்திருக்கிறது.
இன்று இருபது.
பதினோரு நாள் என்று சொல்லும்போது
அவன் குரலில் கொஞ்சம் துக்கம் இருந்தது.
பயிற்சி கொடுத்திருப்பார்கள்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர்.
பதினெட்டு வருஷமாக அட்டை ஓரத்துப்
பொடி எழுத்துத் தேதியைப் படித்துப் பிழைக்கிறவள்.
முப்பதாம் தேதி இரவுவரை மருந்து,
ஒன்றாம் தேதி காலை கழிவு.
ஒரே ராத்திரியில் எந்த மாத்திரையும் செத்துப்போவதில்லை,
தெரியும்.
தெரிந்தேதான் ஒதுக்கி வைத்துக் கையெழுத்துப் போடுகிறேன்.
அந்தத் தம்பியோடு சண்டை போட
எனக்கு வாய் வரவில்லை.

நீட்டிப்பு வாரண்டிக்கு மூன்று தடவை போன் வந்தது.
இரண்டு வருஷத்துக்குப் பதினேழாயிரத்து நானூறு.
முதல் தடவை கவுண்டர் முன்னால்
சர்க்கரை மாத்திரைக்கு எழுபது பேர்.
இரண்டாம் தடவை கெத்தாகச் சொன்னேன்,
"அந்தப் பணத்தை நானே தனியா எடுத்து வச்சுக்குவேன்."
மூன்றாம் தடவை எடுக்கவில்லை.

எடுத்து வைத்தேன்தான்.
ஆயிரம் ரூபாய், பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.
அந்த வாரமே சிலிண்டர் தீர்ந்தது.

எதிர் வீட்டு ஞானசௌந்தரி டீச்சருக்கும் இதே மாடல்,
என்னுடையதைவிட இரண்டு வயது மூத்தது.
அவள் பணம் கட்டினாள்.
அடுத்த மாதம் கெடு முடிகிறது,
இதுவரை ஒரு ஸ்க்ரூகூடக் கழலவில்லை.
அது அவளுக்குப் பெரிய மனக்குறை.
கம்மியம்பேட்டை கேட்டில்
வேண்டுமென்றே வேகமாக ஏற்றி இறக்குகிறாள்.

ஞாயிறு சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.
கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு,
பாட்டை அணைத்துவிட்டு,
"கேளுங்க, மூணாவது கியர்ல டொக்குனு ஒண்ணு."
மூச்சைப் பிடித்துக் கேட்டேன்.
மஞ்சக்குப்பத்திலிருந்து சில்வர் பீச் வரைக்கும் கேட்டேன்.
கதவுப் பையில் தண்ணி பாட்டில் ஆடியது.
சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

கடலைப் பார்த்து வண்டியை நிறுத்தி
போன் வெளிச்சத்தில் அவள் வாரண்டிப் புத்தகத்தைப் பிரித்தோம்.
கிளட்ச் சேராது. பிரேக் கட்டை சேராது.
ரப்பர், பேட்டரி, பல்பு சேராது.
வெள்ளம், எலி கடித்த ஒயர்,
உப்புக் காற்றில் பிடித்த துரு…
டீச்சர் சிரிக்க ஆரம்பித்தாள்.
"இதையெல்லாம் விட்டா
கடலூர்ல வேற என்னதாங்க இருக்கு?"
சுண்டல்காரன் எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தோம்.

ஒர்க்‌ஷாப் காகிதத்தை
நாலாய் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
கலிவரதனின் ஷெட்டுக்குப் போர்டு கிடையாது.
வெள்ளத்தில் மூழ்கி உடைப்புக்கு வந்த வண்டியின்
கம்ப்ரஸரைக் கழற்றிப் போட்டார்.
பத்தாயிரத்து ஐந்நூறு. பில் இல்லை.
குளிர்கிறது, இடது பக்கம் மட்டும்.
மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஒரு முனகல் வேறு.
டீச்சரை ஏற்றிக்கொண்டு வந்தால் சந்தோஷப்படுவாள்.

"எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

"தாங்குற வரைக்கும் தாங்கும்மா.
இல்லன்னா கொண்டாங்க, நான் எங்க போயிடப்போறேன்."
கிரீஸ் விரலால் ஒரு கார்டு நீட்டினார்.
பெயர், நம்பர்,
நம்பரில் ஒரு ஏழைப் பேனாவால் ஒன்பதாக்கியிருந்தார்.

சிக்னலில் நின்றபோது
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
பழக்கதோஷம்,
ஓரத்தில் எங்காவது தேதி போட்டிருக்கிறதா என்று.