சதுர அடைப்புக்குறி

பார்சல் கயெத்தானோ பெயருக்கு வந்திருந்தது.
ரூவி தபால் நிலையத்தில்
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்:
நீ கயெத்தானோவா?
கிதியோன். அவர் நாற்காலியில் இருக்கிறேன்.
அவர் எங்கே?
மார்கோவாவில். கல்லறையில்.
கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, உள்ளே என்ன?
இசை.
உறையைக் கிழித்தார். ஐந்தைந்தாகக் கோடுகள்.
இதை யார் படிப்பார்கள்?
எழுபது பேர், ஒரே நேரத்தில்.
சிரித்துவிட்டு மூன்று ரியால் வாங்கிக்கொண்டார்.

என் வேலை இதுதான்:
ஈரமுறிஞ்சியில் நிறையும் தண்ணீரைக் கொட்டுவது,
அலமாரி நாற்பத்தெட்டு சதவீதத்தைத் தாண்டாமல் காப்பது,
வயோலாக்காரர்களின் தாள்களில்
வில் ஏறும் இடம் இறங்கும் இடம் குறிப்பது.
நாசரேத் கோயிலில் மூன்றாம் வயலின் வாசித்தவனுக்கு
கடவுள் கொடுத்த அதிகபட்சம்.

கயெத்தானோ ஒரு வியாழக்கிழமை
வாதி கபீருக்குச் சாப்பிடப் போனவர்.
அவர் நோட்டில் பென்சிலில் ஒரு பட்டியல்:
மூன்று பகுதி முடித்து
நான்காவதின் நடுவில் செத்துப்போன ஒருவரின் சிம்பொனி,
அதை முடித்துவைத்த மற்றவர்களின் பதிப்புகள்.
ஒன்று, பச்சை அட்டை, வந்தது.
இரண்டு, சாம்பல், வந்தது.
மூன்று, முடித்ததையே மூன்று முறை முடித்தவருடையது,
கடைசித் திருத்தம் மட்டும் போதும்.
நான்கு, அச்சில் இல்லை, லைப்சிக் பழைய புத்தகக் கடை.
ஐந்து. ஒரு புள்ளி.
அப்புறம் வெறும் தாள்.

பதினோரு மாதம் கடிதம் எழுதினேன்.
லைப்சிக்காரர் ஒவ்வொரு முறையும்
அன்புள்ள கயெத்தானோ என்றே பதில் போட்டார்.
நான் திருத்தவில்லை. ஏனென்று கேட்டால் தெரியாது.

யாருக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
நடத்துநர் மூன்று பகுதியோடு நிறுத்திவிடுவார்.
மூன்றாவது மெல்ல அடங்கும், அழகாக இருக்கும்,
ஜனங்களுக்கும் காரை எடுக்க நேரம் கிடைக்கும் என்றார்.

ஆகவே இரவில், தனியாக,
நான்கையும் மேசையில் விரித்தேன்.
பச்சை அட்டைக்காரர் மரியாதைக்காரர்.
அவர் எழுதாத ஒரு சுரத்தையும்
சதுர அடைப்புக்குறி இல்லாமல் விடவில்லை.
சாம்பல் நிறத்தார் பொடி எழுத்தில் அச்சிட்டு
கண்ணாடி மாற்றவைத்தார்.
மூன்றாமவர் முன்னுரையில் மட்டும் நாற்பது பக்கம் மன்னிப்பு கேட்டிருந்தார்.

லைப்சிக்கிலிருந்து வந்ததில் எதுவுமே இல்லை.
முன்னுரை இல்லை, குறி இல்லை, எழுத்து சிறுக்கவில்லை.
அந்த மனிதர் எந்த இடத்தில் இறந்தார் என்று
கட்டம் கட்டமாக விரல் வைத்துத் தேடினேன்.
அந்தப் பக்கங்களில் யாரும் இறக்கவில்லை.

ஒரு மணிக்குப் பச்சையைப் பக்கத்தில் வைத்துக் கண்டுபிடித்தேன்.
நூற்று எழுபத்திரண்டாம் கட்டம், இரண்டாம் தட்டு.
இதில் அடைப்புக்குறி திறக்கிறது.
அதில் பிரெஞ்சு ஹார்ன் பிடித்த மூச்சை
விடாமல் பிடித்திருக்கிறது.
போன வாரம் யாரோ அடிபட்ட வளைவை
ஒன்றும் தெரியாத மஸ்கட் பேருந்து கடப்பதுபோல
புல்லாங்குழல்கள் அதன்மேல் ஏறிப் போகின்றன.

எந்தப் பதிப்பு சரி என்று எனக்குச் சொல்லத் தெரியாது.
எதை வாசித்தாலும் எழுபது பேருக்கும் சம்பளம் ஒன்றே.

காலையில் நோட்டை எடுத்து
ஐந்துக்கு எதிரே எழுதினேன்:
வாடகைக்கு மட்டும், விலைக்கு இல்லை, விசாரித்தாயிற்று.
பென்சில்தான். அவருடைய பென்சில், பல் தடம் இருக்கும்.

கணக்கர் சுலைமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
பாவம், எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் என்றாள்.

அவள் போனதும்
என் வரிக்கு முன்னால் ஒரு சதுர அடைப்பைத் திறந்தேன்.
மூடவில்லை.
விசா மே வரை இருக்கிறது.