885 கிலோ, 13 பேர்

மின்தூக்கியின் தகட்டில் இருக்கிறது:
885 கிலோ, 13 பேர்.
வகுத்துப் பார்த்தேன்.
ஓர் ஆள் என்றால் அறுபத்தெட்டு கிலோ, சில்லறை.
அந்தக் கணக்கில் நான்
முக்கால் ஆளுக்குச் சற்று மேல்.
ரோஸ்லான் ஒன்றேகாலைத் தாண்டியவன்.
"அப்போ உன்னைவிட நான் அதிகமா இருக்கேன்" என்றான்
கறிபப் தூளைச் சட்டையில் தட்டிக்கொண்டே.

தோ பாயோ. நாற்பது மாடி. இரவு ஒன்றரை மணி.
புகார்த் தாளில்:
இருபத்து மூன்றாம் மாடி, திருமதி ஹப்சா.
இறங்கும்போது வயிறு மேலேயே நின்றுவிடுகிறது.
அலகு குறிப்பிடப்படவில்லை.

கம்பெனிக் கருவி பெட்டிக்குள் இருக்கிறது,
கோடு கோடாய் வரைந்து கொடுக்கும்.
எனக்கு முள் வேண்டும்.
கீழ்த்தளத் தூணருகே யாரோ கழித்துவிட்ட
எடை பார்க்கும் தராசு ஒன்று கிடந்தது.
யாரும் ஏறாமலே இரண்டு கிலோ காட்டியது.
எனக்கு அது பிடித்திருந்தது.
ஆனாலும் திருகைத் திருப்பிப்
பூச்சியத்தில் வைத்தேன்.

ஏறி நின்றேன். ஐம்பத்து நான்கு.
தேக்காச் சந்தையில் என் மீன்காரர் இன்னும் காத்தியில்தான் பேசுவார்,
அறுநூறு கிராம் ஒரு காத்தி.
அவர் நிறுத்தால் நான் தொண்ணூறு, கழிவில்லாமல்.

நாற்பதாம் மாடியில் கதவு மூடியது.
கிளம்பிய கணம்
முள் நாற்பத்தொன்பதரைக்குச் சரிந்தது.
நாலரை கிலோ எங்கே போனது?
கட்டைவிரல் இருக்கிறது, பல் இருக்கிறது,
பையில் திருப்புளி இருக்கிறது.
நிறை நிறையாகவே நின்றது.
எடைதான் பேச்சை மாற்றியது.

பிறகு நடுவழி.
வினாடிக்கு இரண்டரை மீட்டர்
கீழே போய்க்கொண்டிருக்கிறேன்,
முள்ளோ மறுபடி ஐம்பத்து நான்கில், அசையாமல்.
முப்பத்தொன்று, முப்பது, இருபத்தொன்பது
என்று எண்கள் மட்டும் ஒளிர்ந்து அணைகின்றன.
கண்ணை மூடினால் நான் நிற்கிறேன்.
வேகம் உடம்பில் எழுதாது.
வேகம் மாறும்போதுதான்
வயிறு நிமிர்ந்து பார்க்கிறது.

அந்த மாற்றத்தை அளக்க
மீட்டரை வினாடியால் வகுத்து
மறுபடி வினாடியால் வகுக்கிறோம்.
சதுர மீட்டர் எனக்குத் தெரியும்,
நடைபாதையெங்கும் ஓடு ஓடாய்ப் பதித்திருக்கிறது.
சதுர வினாடியை
எந்தக் கொத்தனார் எங்கே பதித்தான்?
ஹப்சாவின் வயிறு கேட்பதோ இன்னும் ஒரு படி:
மாற்றமே எவ்வளவு திடீரென மாறுகிறது.
மூன்றாம் வினாடியாலும் வகு.
ரோஸ்லான் பெட்டியைத் திறந்து பார்த்தான்.
"ஒன்றே முக்கால். ரொம்ப முரட்டுத்தனம்."

மூன்று மணி வரை
இயந்திர அறையில் ஒரே எண்ணைக்
கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தோம்.
திரும்பி வந்து தரையைத் துடைக்கப் போனபோது பார்த்தேன்,
மூலையில் எண்ணெய் வளையங்கள்,
ஒன்றின்மேல் ஒன்று, பழுப்பாய்.
புகார்த் தாளில் சேராத அளவீடுகள்.
துடைக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்கு
இருபத்து மூன்றில் கதவு திறந்தது.
துணியால் மூடி கட்டிய சம்பல் சட்டியோடு ஒருத்தி.
அதே மூலையில் சட்டியை இறக்கிவைத்தாள்.
கைப்பிடியைப் பிடித்தாள்.
கதவு மூடியது.
நான் முள்ளைப் பார்க்கவில்லை,
துணியின் ஓரத்தைப் பார்த்தேன்.

பதினெட்டில் கைப்பிடியை விட்டுவிட்டாள்.

தரைத்தளத்தில் ரோஸ்லான் மலாயில் கேட்டான்,
எப்படி இருந்தது என்று.
பதில் சொல்லாமல் தராசைக் காட்டி
யாருடையது என்றாள்.
பிறகு சட்டியோடு அதில் ஏறி நின்றாள்.
எழுபத்தொன்று.
"சட்டி பன்னிரண்டு" என்று
எங்களைத் திருத்துவதுபோல் சொல்லிவிட்டு
பேருந்துக்கு நடந்தாள், வேகமாக.

படிவத்தில் ரோஸ்லான் எழுதினான்:
பூச்சியம் புள்ளி எட்டு,
மீட்டர், வினாடியின் கனத்துக்கு.
குறிப்பு என்ற கட்டம் காலியாக இருந்தது.
நான் எழுதினேன்:
எண்ணெய், இன்று இல்லை.