ஆடும் சுமை

முப்பத்தோரு வருடம்
திரியேஸ்தே துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன்.
காப்பி மூட்டை, மரத்தடி, ஒருமுறை
சர்க்கஸ்காரர்களின் யானைக்கூண்டு, யானை இல்லாமல்.
எதையும் போட்டு உடைத்ததில்லை.
போன நவம்பரில்
ஸ்லாவ்காவின் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினேன்.
நாலு விரல், ஒரு கட்டைவிரல்.
நீலமாகி, மஞ்சளாகி, மறைய ஒன்பது நாள்.
அவள் தடவிப் பார்த்து
"எங்கேயோ இடித்துக்கொண்டேன் போல" என்றாள்,
எனக்கு ஆறுதலாக.

முதலில் மறதி என்றுதான் நினைத்தோம்.
மறதி என்றால் சாவி, பெயர், அடுப்பில் பால்.
இது வேறு.
சாவி கையில் இருக்கும்,
கதவு எதற்கென்பது போய்விடும்.
டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்.
பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கம் குவித்தாள்,
போரா காற்று மூலைக்கு ஒதுக்கிய குப்பை மாதிரி.

பிறகு இத்தாலியம் உதிர ஆரம்பித்தது,
என்னிடம் நாற்பத்தாறு வருடம் பேசிய மொழி.
அடியில் கிடந்த ஸ்லோவேனியம் மேலே வந்தது,
கார்ஸ்ட் மேட்டில் அவள் பிறந்த வீட்டுப் பேச்சு.
எனக்கு அதில் ஒரு சொல் தெரியாது.
உண்மையைச் சொன்னால் இன்னும் மோசம்:
டிராமில் அவள் தன் அக்காவோடு பேசினால்
"மெதுவா, எல்லாரும் பார்க்கிறார்கள்" என்றவன் நான்.
இப்போது சத்தமாகப் பேசுகிறாள்.
பார்ப்பவன் நான் ஒருவன்தான்.

வியாழக்கிழமை, சுகாதார நிலையத்தின் பின்னறை.
எட்டு நாற்காலி, ஒரு ஹீட்டர், கசக்கிற காப்பி.
மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டு ஈரக் கையோடு வரும் ஃபுல்வியா,
தம்பியைப் பார்த்துக்கொள்ளும் தபால்காரர் எஜித்யோ.
மூன்று வாரம் நான் வாய் திறக்கவில்லை.
நாலாவது வாரம் மணிக்கட்டைச் சொன்னேன்.
யாரும் நாற்காலியை நகர்த்திக்கொள்ளவில்லை.
எஜித்யோ மட்டும்,
"நான் கதவைப் பூட்டிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து
ஒரு சிகரெட் முழுக்கப் பிடித்தேன்,
அவன் தட்டத் தட்ட" என்றார்.

நர்ஸ் நீவெஸ் சொன்னாள்:
வீட்டுக்குப் போகணும் என்று அழுதால்
இதுதான் வீடு என்று வாதாடாதீர்கள்.
கோட்டை மாட்டிவிடுங்கள். கூடவே நடங்கள்.

அடச்சே, இது எனக்குத் தெரியுமே.
கொக்கியில் சுமை ஆட ஆரம்பித்தால்
புதிதாக வந்த பையன் எதிர்ப்பக்கம் இழுப்பான்,
ஆட்டம் கூடும்.
அது போகிற பக்கமே நீயும் போகணும்,
அதன் தலைக்கு மேலே போய் நிற்கணும்.
எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

எல்லா இரவும் அடங்குவதில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாயும் வெள்ளியும் பகல் காப்பகத்து வேன் வருகிறது.
முதல் நாள் அவளை ஏற்றிவிட்டு
ஷூவைக்கூடக் கழற்றாமல்
சமையலறைத் தரையில் தூங்கிப்போனேன்.
இரண்டாம் வாரம் முடி வெட்டிக்கொண்டேன்.
மூன்றாம் வாரத்திலிருந்து ஸ்லோவேனிய வகுப்பு,
இரண்டு பக்கமும் இருபது வயதுப் பிள்ளைகள்.
விமான நிலையத்தில் பேசுவது எப்படி என்று பாடம் இருந்தது.
எனக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கினேன்:
தண்ணீர். ரொட்டி. குளிருகிறதா. வலிக்கிறதா.

ஆனால் சாயங்காலம் ஜன்னலருகே நின்று
அவள் சொல்லும் ஒரு சொல் புத்தகத்தில் இல்லை.
பூத்தி. பூத்தி, பூத்தி.
எங்கள் ஊர்க் கொச்சையில்
சிறுமியை ஏறக்குறைய அப்படித்தான் சொல்வோம்.
எங்களுக்குப் பிள்ளை இல்லை.
எந்தச் சிறுமி என்று கேட்கப் பயந்து
ஒரு மாதம் ஓட்டினேன்.
கடைசியில் ரொட்டிக்கடை மிலோய்காவிடம்
கல்லாமேல் குனிந்து மெல்லச் சொல்லிக்காட்டினேன்.
சிரித்துவிட்டாள்.
"கோழிகளைக் கூப்பிடுகிறார். இருட்டுமுன்னே அடைக்க."

இன்றும் கூப்பிட்டாள்.
வெளியே போரா, கண்ணாடி அதிர்கிறது.
எழுந்து போனேன்.
என் தோளைத் தொட்டு எண்ணினாள்: ஒன்று.
மற்றவை எங்கே என்பதுபோல்
எனக்குப் பின்னால் பார்த்தாள்.
வந்துவிடும் என்றேன்
அவள் மொழியில், இலக்கணம் தப்பாக.