இனித் தேவைப்படாதவை

கேட்டது ஒன்றுதான்.
உப்புக் கிடங்கில் ரசீது அடிக்கும் பெட்டிக்கு
ஒரு சின்ன டிரைவர்.
இரண்டு மெகாபைட் கூட வராது.

வின்னிபெக். பிப்ரவரி. இரவு இரண்டே கால்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே நானும், சர்வரின் இரைச்சலும்,
மைக்ரோவேவில் இரண்டாம் முறை சூடேறும் புளிசாதமும்.

சார்புகளைப் படிக்கிறேன் என்றது திரை.
படித்துக்கொண்டே இருந்தது.
அச்சுப் பெட்டிக்குப் பழைய நூலகம் வேண்டும்,
வரைபடத்துக்குப் புதியது வேண்டும்,
இரண்டும் ஒரே வீட்டில் இருக்காது.
கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.
அது கண்ட வழி
வாயை எடுத்துவிடுவது.

அப்படிச் சொல்லவில்லை.
பட்டியலாகச் சொன்னது, ரொம்ப மரியாதையாக.
புதிதாக ஒன்று. மாற்ற வேண்டியவை பத்தொன்பது.
நீக்க, அறுபத்து மூன்று:
இவை இனித் தேவைப்படாதவை.
கல்யாண வீட்டு மொய் நோட்டு போல
பெயர் பெயராக இறங்கியது.
நாற்பதாவது பெயர் வரைபடம்.
நான் பதினொன்றிலேயே நிறுத்திவிட்டேன்.
மைக்ரோவேவ் கூப்பிட்டது.
ஆம் என்று அழுத்தினேன்.

பிழை ஏதும் இல்லை.
பெட்டி சோதனைத் தாள் ஒன்றைத் துப்பியது,
கறுப்புக் கட்டங்கள், நேர்க்கோடுகள்,
கிழிக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள்.

மூன்று மணிக்கு ரேமண்ட் ஷார்ட்ராண்ட்.
பனி தள்ளும் வண்டி, எண் ஏழு, பெம்பினா சாலை.
"தெருவையெல்லாம் காணோம்," என்றார்.
"திரையில்" என்று சேர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.
பதினாறு வண்டிகள், பதினாறு வெள்ளைத் திரைகள்,
ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி,
எங்குமே இல்லாத இடத்தில்
மிகத் துல்லியமாக.

நீக்கியதைத் திருப்பிக் கேட்டேன்.
தருகிறேன், டிரைவரை எடு என்றது.
எடுத்துக்கொள் என்றேன்.
அதை நம்பி இப்போது பத்தொன்பது பேர் இருக்கிறார்களே என்றது.
முக்கால் மணி நேரத்தில்
சம்பந்தம் முடித்திருந்தார்கள்.

ரேமண்டுக்குப் பாதை மனப்பாடம்.
புதிதாய்ச் சேர்ந்த ஓலெனாவுக்கு ஊரே தெரியாது.
ரேடியோவில் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்:
ஜூபிலி தாண்டி வலது,
தபால் பெட்டி புதைந்திருக்கும், இடித்துவிடாதே,
முட்டுச்சந்து, பின்னால் எடு,
அங்கே ஒருவர் அதிகாலையில் டயாலிசிஸுக்குப் போவார்,
அந்த வாசல் முதலில்.
இது எந்த வரைபடத்திலும் இருந்ததில்லை.

உப்பு நிரப்ப வந்த வண்டிகளுக்கெல்லாம்
அந்த ஒரே பெட்டி அடித்துக் கொடுத்தது.
உப்பு, நான்கு டன்.
அதன் கீழே தெருக்கள்.
கடைசிச் சீட்டு ஓலெனாவின் முழங்கால் வரை தொங்கியதாம்.

விடிந்தும் திரை கேட்டுக்கொண்டிருந்தது,
தொடரலாமா, ஆம், இல்லை.
பக்கத்தில் அறுபத்து மூன்று பெயர்கள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
முதலாவதிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.
மூன்றாம் முறை சூடாக்கவில்லை.
ஆறிய சாதத்தில் கடலை மட்டும்
கல்லாக இருந்தது.