நாலாம் மாடிக் கயிறு

இரங்கூனில் மாடிவீடுகளுக்கு வால் உண்டு.
ஒவ்வொரு பலகணியிலிருந்தும் ஒரு கயிறு,
கீழ்நுனியில் காகிதக் கவ்வி,
மேல்முனையில் சின்ன மணி.
பேப்பர்காரன் கவ்வியில் மாட்டி இழுப்பான்,
மேலே அடிக்கும்.
எங்களுடையது பச்சை நைலான்.
செகதாம்பாள் பேரம் பேசி வாங்கியது,
அரை முழம் கொசுறோடு.

பங்குனியில் அவளுக்கு வலப்பக்கம் விழுந்தது.
கரண்டியை விட்ட கை
அதன்பின் எதையும் பிடிக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில்
"டோ தன் தன் ஏ" என்று மூன்றுதரம் கூப்பிட்டார்கள்.
யாரையோ என்று உட்கார்ந்திருந்தேன்.
அட்டையில் இருக்கிற பெயர்,
நாற்பத்தாறு வருஷத்தில்
ஒருநாளும் நான் கூப்பிடாத பெயர்.
சரி, செகதாம்பாள் என்றும் கூப்பிட்டதில்லை.
"இந்தா" என்றால் திரும்புவாள்.

பேச்செல்லாம் போய்
ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது: ஆமா.
வலிக்கிறதா? ஆமா.
வலிக்கலையா? ஆமா.
கஞ்சியில் உப்புப் பத்தலையா? ஆமா.
இல்லை இல்லை என்றே
குடித்தனம் நடத்தியவள்.

கரண்டு நாலு மணி நேரம் வரும், எட்டு மணி நேரம் போகும்.
வருகிறபோது மோட்டார் போட வேண்டும்,
சோறு பொங்க வேண்டும்,
நனைந்த விரிப்பை அலச வேண்டும்,
ஓடுகிற விசிறிக்கடியில் அவளைப் புரட்டிப்போட வேண்டும்.
பருப்புக் கிட்டங்கியில் கணக்கெழுதினவன் நான்.
மிச்சமிருந்த பேரேட்டில் பத்தி பிரித்து
மாத்திரை, மூத்திரம், இடப்பக்கம், முதுகு
என்று எழுதி வருகிறேன்.
வரவுப் பத்தியில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

பினாங்கிலிருந்து மகன் பணம் அனுப்புகிறான்.
"ஆள் வச்சுக்குங்கப்பா."
பணம் வருகிறது.
ஆள்தான் ஊரில் இல்லை.

எதிர்வீட்டு மா ச்சோ
தனக்கா கட்டையும் கல்லும் கொண்டுவந்து கொடுத்தாள்,
படுக்கைச் சூட்டுக்கு நல்லதாம்.
"மூஞ்சியிலே சுண்ணாம்பு அடிச்சுக்கிறதா?" என்று
ஆயுசு முழுக்கச் சிரித்தவளின் முதுகில்
இழைத்துப் பூசுகிறேன்.
கொஞ்சம் மிஞ்சிற்று. கன்னத்தில் வைத்தேன்.
கண்ணாடி காட்டவில்லை,
காட்டினால் இந்தக் கையாலேயே அடிப்பாள்.

ராத்திரிக்குத்தான் கயிறு.
பலகணியிலிருந்து அவிழ்த்து வந்து
ஒரு முனை அவள் இடது மணிக்கட்டில்,
மணி என் தலைமாட்டில்.
காற்றுக்காக நான் கதவோரம் படுப்பது.
அவள் இழுப்பாள், நான் எழுவேன்.

ஆவணி மழையில் ஒரு ராத்திரி அடித்தது.
கேட்டது.
அன்றைக்கு நாலாவது தடவை.
கண்ணை மூடிக்கொண்டு
குறட்டைமாதிரி மூச்சுவிட்டேன்.
திரும்ப அடித்தது.
அப்புறம், இழுக்கவந்த கை
பாதியில் நின்றதுபோல
மணிநாக்கு உலோகத்தைத் தொட்டுச்
சத்தமில்லாமல் விலகியது.
மழைதான் பெய்துகொண்டிருந்தது.

விடிந்து பார்த்தால்
விரிப்பின் நனைந்த ஓரத்தை
நல்ல கையால் மடித்து மடித்து
உடம்புக்கு அடியில் செருகிவைத்திருக்கிறாள்,
நான் பார்க்காதபடி.

அலசிப் போட்டேன். துடைத்துவிட்டேன். தலை வாரினேன்.
பேரேட்டில் அந்த நேரத்துக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.
கஞ்சி ஊட்டும்போது வாய் தானாகச் சொன்னது:
"நேத்து முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தெரியுமா?"

ஆமா.

"தெரியாதா?" என்று
மாற்றிக் கேட்டிருக்கலாம்.
அதற்கும் அதையேதான் சொல்வாள்.
கேட்கவில்லை.
வாயோரம் வழிந்ததைக் கரண்டியால் வழித்தேன்.

கீழே தெருவில் "பெப்யோ" என்று
அவித்த பட்டாணிக்காரியின் குரல்.
மணிக்கட்டில் முடிச்சு இறுகியிருந்தது,
பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது.
பச்சையாய் ஒரு தடம்.
கவ்வியில் நோட்டை மாட்டி
நாலு மாடி ஆழத்துக்குக் கயிற்றை விட்டேன்.

"பொரிச்ச வெங்காயம் கூடப் போடச் சொல்லட்டுமா?"
என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.