கூட வந்தது

கல்யாணக்காரர் ஒற்றைக் குதிரைக்குத்தான்
முன்பணம் தந்திருந்தார்.
ஜிகினாவை மட்டும் பிடித்துக்கொண்டு
புளியந்தோப்பிலிருந்து கிளம்பினேன்.

பேசின் பிரிட்ஜ் ஏறும்வரை
கப்பலின் குரல் பின்னாலேயே வந்தது.
அடியில் போன ரயில் ஒன்று
அதை நறுக்கிவிட்டது.
அப்புறம் இவள் கழுத்து நேராக இல்லை.
ஒரு காது முன்னே.
இன்னொன்று லாயத்திலேயே நின்றுவிட்டது.

கல்மண்டபத்தில் பேண்டு செட்டு.
முன்னங்காலைத் தூக்கினாள்,
நின்ற இடத்திலேயே சுற்றினாள்.
மாப்பிள்ளை பிடரி மயிரைப் பற்றிக்கொண்டார்.
'செம ஆட்டம்டா!'
முப்பது செல்போன் எழுந்தது.
ஒருத்தன் நெற்றிப் பட்டையில்
நூறு ரூபாய் செருகினான்.

ஆட்டமில்லை அது.
தோலுக்கடியில் ஓடிய நடுக்கம்
கடிவாளம் பிடித்த கைக்குத் தெரியும்.
கனைப்பை டிரம்பெட் விழுங்கிவிட்டது.

மெஹரூன் போன் பண்ணினாள்:
'தகரத்த ஒதச்சே ஓட்ட போட்டுட்டான்.
மாடி வீட்டுல கத்துறாங்க.
கொள்ளு அப்டியே கெடக்கு.'
பீரோக் கண்ணாடியைக் கழற்றி
எதிரே சாத்தச் சொன்னேன்,
வேப்பேரி டாக்டரின் யோசனை.
சாத்தினாளாம்.
பார்த்தானாம். முகர்ந்தானாம்.
மூச்சுப் பட்டு மங்கியதும்
கண்ணாடிக்குப் பின்னால்
தலையை நீட்டித் தேடினானாம்.

திரும்பும்போது மணி ஒன்றரை.
பாலத்து உச்சியில் ஜிகினா கூப்பிட்டாள்.
எனக்குக் கேட்டதெல்லாம் கன்டெய்னர் லாரி.
அவளுக்கு வேறேதோ கேட்டிருக்கிறது;
இழுத்த இழுப்பில் அறுந்த என் செருப்பு
இன்னும் அங்கேதான் கிடக்கும்.

கட்டிப்பிடித்து அழவெல்லாம் இல்லை.
கப்பல் அவள் கழுத்தை முகர்ந்தான்.
யாரோ தெளித்த பன்னீர் வாசம்.
நறுக்கென்று ஒரு கடி.
பிறகுதான் கொள்ளுப் பக்கம் திரும்பினான்.

ஆவணியில் தண்டையார்பேட்டை முகூர்த்தம்.
அதுவும் ஒற்றைக் குதிரைதான்.
நான் இரண்டையும் அவிழ்த்தேன்.
குஞ்சமில்லை, சேணமில்லை, கூலியுமில்லை,
ஊர்வலத்தின் கடைசியில்
ஜெனரேட்டர் வண்டியின் டீசல் புகையில்
நடந்து வந்தான் கப்பல்.
'இதுல யாரு ஏறப்போறா?'
பலூன் வைத்திருந்த பொடியன் கேட்டான்.
'யாரும் ஏறல. கூட வந்துருக்கு.'

முன்னால் ஜிகினா
தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருந்தாள்.
ஒருவரும் போனைத் தூக்கவில்லை.

கணக்கு முடிக்கையில்
மாப்பிள்ளையின் மாமா ஐந்நூறைக் குறைத்தார்:
'ராயபுரம் கல்யாணத்துல
நல்லா ஆடுச்சாமே?
இங்க சும்மா நடந்துச்சு.'